அடிநீர் மீனும் கண்ணாடித் தொட்டியும்

மீன்கள் வாழும் கண்ணாடித் தொட்டியொன்றின் முன் நிற்பவர்களின் கண்கள் முதலில் நாடுவது, நடுநீரில் நீந்தும் பொன்னிற மீன்களையே. தொட்டியின் அடியில் மணலோடு மணலாகவும் கல்லோடு கல்லாகவும் ஒட்டிக் கிடக்கும் மீனை நோக்குவோர் சிலரே. அது நிறத்தால் மங்கியது, அசைவால் குறைந்தது, பகலெல்லாம் ஒளிந்திருந்து, அந்தி மயங்கிய பின் இரை தேடுவது. ஆயினும், ஒரு தொட்டியின் நீர் நல்லதா, கெட்டதா என்பதைப் பெரும்பாலும் முதலில் உணர்வது அந்த மீனே. மேலிருந்து விழும் கழிவும் எஞ்சிய இரையும் சென்று தங்குமிடம் அடித்தளம். நீர் அசையாது நின்றால், பிராணவாயு முதலில் குன்றுமிடமும் அதுவே. ஆகவே, குளிர்ந்த நீரின் அடியில் வாழும் மீன்களைக் கண்ணாடிக்குள் வாழவைக்க மனிதன் எவ்வாறு கற்றான் என்னும் வரலாறு, நீரின் இயல்பை அவன் கற்றுக்கொண்ட வரலாறாகவும் அமைகின்றது. அதனை இன்று சுருங்கக் காண்போம்.

நம் நாட்டு ஆறுகளிலும் வாய்க்கால்களிலும் வாழும் அயிரை மீனை நீங்கள் அறிவீர்கள். வாயைச் சுற்றியுள்ள மீசை போன்ற இழைகளால் மணலைத் துழாவி இரை தேடும் சிறு மீன் அது. அதன் உறவினங்கள் ஐரோப்பாவின் குளிர்ந்த நீர்நிலைகளிலும் உண்டு. தெளிந்த ஓடைகளின் கற்களிடையே வாழ்வதைக் கல் அயிரை என்றும், சேறு நிறைந்த குட்டைகளில் வாழ்வதைச் சேற்று அயிரை என்றும் நாம் அழைத்துக்கொள்ளலாம். காட்டஸ் கோபியோ என்னும் மற்றொரு மீன் அங்கே உண்டு. உடலுக்கு ஒவ்வாத பெரிய தட்டைத் தலை அதற்கு. ஆதலால் ஆங்கிலேயர் அதனை மாவாலைக்காரனின் கட்டைவிரல் என்று வேடிக்கையாக அழைப்பர். மீன்களை மிதக்கச் செய்யும் காற்றுப்பை அதற்கு இல்லை. எனவே நீந்துவதை நிறுத்தியவுடன் அது அடியில் அமர்ந்துவிடும். பெண் மீன் கல்லின் கீழ்ப்புறத்தில் முட்டையிட, ஆண் மீன் அங்கேயே தங்கிக் காவல் காக்கும்.

இத்தகைய ஓடை மீன்கள் குளிர்ந்த நீரை ஏன் நாடுகின்றன? நீர் குளிரக் குளிர, அதில் கரையும் பிராணவாயுவின் அளவு கூடுகின்றது. ஒரு லிட்டர் நன்னீர், 10 டிகிரி சென்டிகிரேடு வெப்பநிலையில் ஏறத்தாழ 11 மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 20 டிகிரியில் அது 9 மில்லிகிராமாகவும், 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராமாகவும் குறைந்துவிடும். அதே நேரத்தில், வெப்பம் ஏறினால் மீனின் உடல் இயக்கம் விரைவுபட்டு, அதற்கு வேண்டிய பிராணவாயுவின் அளவு பெருகுகின்றது. வரவு குறையும் வேளையில் செலவு கூடினால் குடும்பம் என்னாகும்? ஓடை மீனின் நிலையும் அதுவே. இந்த எளிய கணக்கை அறியாத காலத்தில், கண்ணாடிக்குள் மாண்ட மீன்கள் எண்ணிறந்தவை.

சேற்று அயிரை மட்டும் இதற்கு ஓரளவு விலக்காக இருந்தது. காற்றழுத்தம் தாழ்ந்து புயல் நெருங்கும்போது அந்த மீன் அமைதியிழந்து மேலும் கீழும் அலையும். இதனைக் கண்ட ஐரோப்பியர், அதனைக் கண்ணாடிச் சாடியில் இட்டு, வானிலை காட்டும் கருவிபோல் வீட்டில் வைத்திருந்தனர். காற்றோட்டமற்ற சிறு சாடியில் அது எவ்வாறு பிழைத்தது? பெர்லின் நகரத்துப் பௌதிக அறிஞர் பால் எர்மான் 1808-ஆம் ஆண்டில் இதற்கு விடை கண்டார். அந்த மீன் நீரின் மேற்பரப்புக்கு வந்து காற்றை விழுங்குகின்றது. அக்காற்றிலுள்ள பிராணவாயுவை அதன் குடல் ஈர்த்துக்கொள்கின்றது. அதாவது, செவுளால் மட்டுமன்றிக் குடலாலும் சுவாசிக்கும் மீன் அது. அந்தச் சாடியில் மீன் வாழ்ந்தது மீனின் திறமையால். வளர்த்தவரின் திறமையால் அன்று. குடலால் சுவாசிக்க இயலாத ஏனைய மீன்களை அதே சாடியில் இட்டால், அவை விரைவில் மடிந்தன.

வளர்ப்பவரின் திறமை தோன்றுவதற்கு மேலும் சில ஆண்டுகள் ஆயின. பிரான்சு நாட்டில் பிறந்து இத்தாலியின் சிசிலித் தீவில் வாழ்ந்த ழான் வில்பிரோ பவர் என்னும் அம்மையார், 1832-ஆம் ஆண்டளவில் மெசீனா நகரத்தில் கண்ணாடித் தொட்டிகளையும் கூண்டுகளையும் அமைத்து, கடலுயிர்களை உயிரோடு வைத்து ஆராய்ந்தார். ஆர்கோனாட் என்னும் கடலுயிர் தன் ஓட்டைத் தானே உண்டாக்குகின்றது என்பதை நிறுவியவர் அவரே. 1846-ஆம் ஆண்டில் ஆனா தின் என்னும் ஆங்கில அம்மையார், டார்க்கி கடற்கரையிலிருந்து சில பவளவுயிர்களை லண்டனுக்குக் கொண்டு வந்தார். கடல்நீரை நாள்தோறும் புதிதாகக் கொணர்வது அங்கே இயலாத செயல். எனவே, திறந்த சன்னலருகே நின்று, நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு மீண்டும் மீண்டும் ஊற்றி ஆற்றும்படி தம் பணிப்பெண்ணை ஏவினார். நம் வீடுகளில் சூடான பாலை ஆற்றுவது போன்ற செயலே அது. பால் ஆறுகின்றது, நீரோ காற்றைப் பெறுகின்றது. அடுத்த ஆண்டில் கடற்பாசிகளையும் அவர் சேர்த்துப் பார்த்தார். பவளவுயிர்கள் பிழைத்தன. அசையும் நீரே உயிருள்ள நீர் என்னும் பாடத்தின் தொடக்கம் இது.

பணிப்பெண்ணின் கை ஓயாமல் செய்த வேலையைச் செடியே செய்துவிடாதா என்று எண்ணியவர் ராபர்ட் வாரிங்டன் என்னும் ரசாயன அறிஞர். செடிகள் காற்றைத் தூய்மை செய்கின்றன என்பதை 1770-களில் பிரீஸ்ட்லி காட்டியிருந்தார். அச்செயலுக்குச் சூரிய ஒளி இன்றியமையாதது என்பதை இஞ்சன்ஹௌஸ் 1779-ஆம் ஆண்டில் தெளிவுபடுத்தினார். லண்டன் மருத்துவர் நத்தானியல் வார்டு, மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் செடிகள் பல ஆண்டுகள் செழித்து வாழும் என்பதை மெய்ப்பித்து, 1842-ஆம் ஆண்டில் ஒரு நூலும் வெளியிட்டிருந்தார். இவற்றையெல்லாம் அறிந்த வாரிங்டன், 1849-ஆம் ஆண்டில் லண்டன் மருந்தாளர் மாளிகையில் ஒரு சோதனையைத் தொடங்கினார். 12 காலன் கொள்ளும் கண்ணாடிக் கலத்தில் மணலும் சேறும் கற்களும் இட்டு, நாடாவைப் போன்ற நீண்ட இலைகளையுடைய வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியை நட்டு, இரு சிறு பொன்மீன்களை விட்டார்.

சில காலம் எல்லாம் நன்றாகவே நடந்தது. பின்னர்ச் செடியின் முதிர்ந்த இலைகள் அழுகின, நீர் கலங்கியது, பச்சைப் பாசி படர்ந்தது. வாரிங்டன் அப்போது குளத்து நத்தைகள் சிலவற்றைக் கலத்தில் விட்டார். அவை அழுகிய இலைகளைத் தின்று தீர்த்தன. அவற்றின் முட்டைகள் மீன்களுக்கு உணவாயின. நீர் மீண்டும் தெளிந்தது. செடி பிராணவாயுவைத் தருகின்றது. மீன் கரியமில வாயுவைத் தருகின்றது. நத்தை அழுகலை அகற்றுகின்றது. இம்மூன்றும் சமநிலையில் நின்றால் நீரை மாற்ற வேண்டியதில்லை என்று அவர் முடிவு செய்தார். தாம் கண்டதை 1850-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் லண்டன் ரசாயன சங்கத்தில் அறிவித்தார்.

பிலிப் ஹென்றி காஸ் என்னும் இயற்கை அறிஞர் கடல்நீரில் இத்தகைய சோதனைகளைத் தாமே செய்து வந்தார். 1853-ஆம் ஆண்டு மே மாதத்தில் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மீன் மாளிகை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் காஸ் எழுதிய 'அக்வேரியம்' என்ற நூல் வெளிவந்தது. அச்சொல்லை உலகம் ஏற்றுக்கொண்டது. கண்ணாடியின் மீதிருந்த வரி 1845-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் நீக்கப்பட்டிருந்தமையால், தொட்டி செய்வதற்கான செலவும் குறைந்திருந்தது. நடுத்தரக் குடும்பங்களின் கூடங்களிலெல்லாம் மீன் தொட்டிகள் இடம்பெற்றன.

ஆனால், அத்தொட்டிகளில் பல நெடுநாள் நிலைக்கவில்லை. அழகுக்காகச் சன்னலோரத்தில் வைத்த தொட்டியில், நான்கு புறமும் கண்ணாடி வழியே வெயில் புகுந்தது. கோடையில் நீர் சூடேறியது, பாசி பெருகியது, முன்னே கூறிய வரவு செலவுக் கணக்கு தவறியது. குளிர்ந்த ஓடையின் அடியில் வாழ்ந்து பழகிய உயிர்கள் மடிந்தன. மடிந்தவற்றுக்கு ஈடாக மக்கள் புதியவற்றைத் தேடிச் சென்றனர். கடற்கரைப் பாறைகளிடையே இருந்த குட்டைகள் சூறையாடப்பட்டன. காஸின் மகனும் எழுத்தாளருமான எட்மண்ட் காஸ், 1907-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் வாழ்க்கை நினைவு நூலில், தம் இளமையில் கண்ட அழகிய பாறைக் குட்டைகள் அழிந்துபோனதை எண்ணி வருந்தியிருக்கின்றார். கடலின் அழகை மக்களுக்கு எடுத்துக்காட்டிய தந்தையின் நூல்களும் அவ்வழிவுக்கு ஒரு காரணமாயின என்பதை அவர் மறைக்கவில்லை. அன்பு இருந்தும் அறிவு போதாமையால் விளைந்த கேடு இது.

வெப்பத்தின் சிக்கலைத் தீர்த்தவர்களுள் முதன்மையானவர் வில்லியம் அல்ஃபோர்டு லாய்டு. லண்டனில் தொட்டிகளும் நீருயிர்களும் விற்கும் கடையை நடத்தியவர் அவர். காட்சித் தொட்டியைவிடப் பன்மடங்கு பெரிய நீர்த்தேக்கம் ஒன்றை நிலத்தின் கீழே இருட்டில் அமைக்க வேண்டும் என்றும், அங்கிருந்து நீரை எந்திரத்தால் மேலேற்றித் தொட்டிகளின் வழியே இரவும் பகலும் ஓடவிட வேண்டும் என்றும் அவர் திட்டமிட்டார். இருளில் பாசி வளராது. நிலத்தின் கீழ் நீர் சூடேறாது. ஓடும் நீர் காற்றைக் கலந்துகொள்ளும். ஓடையின் இயல்பையே எந்திரத்தால் உண்டாக்கும் முறை இது. 1864-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஹாம்பர்க் நகரத்து மீன் காட்சியகத்திலும், 1871-ஆம் ஆண்டில் லண்டன் பளிங்கு மாளிகையில் திறக்கப்பட்ட காட்சியகத்திலும் லாய்டின் கைவண்ணம் விளங்கியது. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் ஆன்டன் டோர்ன் நிறுவிய புகழ்பெற்ற ஆய்வு நிலையத்தின் காட்சியகம் 1874-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதற்கும் லாய்டின் அறிவுரை பயன்பட்டது. பின்னர் உலகின் பல நகரங்களிலும் மீன் காட்சியகங்கள் எழுந்தன. நம் சென்னைக் கடற்கரையிலும் 1909-ஆம் ஆண்டில் ஒன்று திறக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போரின்போது மூடப்படும் வரை மக்களை மகிழ்வித்தது.

காற்றின் கணக்கும் வெப்பத்தின் கணக்கும் ஒருவாறு தீர்ந்தன. ஆயினும் ஒரு வினா எஞ்சியிருந்தது. மீனின் கழிவிலிருந்தும் அழுகும் பொருளிலிருந்தும் அமோனியா என்னும் நச்சுப்பொருள் உண்டாகின்றது. நத்தை அழுகிய இலையைத் தின்னலாம். ஆனால் நத்தையும் கழிவை வெளியிடும் உயிரல்லவா? செடி அமோனியாவில் ஒரு பகுதியை ஈர்த்துக்கொள்ளும். எஞ்சியது எங்கே போகின்றது? சில தொட்டிகளில் மீன்கள் வாழ்ந்தன; அதே முறையில் புதிதாக அமைத்த வேறு சில தொட்டிகளில் மடிந்தன. இதற்குக் காரணம் கூற வாரிங்டனின் மூவர் கூட்டு போதவில்லை.

விடை, மீன் தொட்டியோடு தொடர்பில்லாத ஓர் இடத்திலிருந்து வந்தது. 1877-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிஞர்களாகிய ஷ்லோசிங்கும் முன்ட்சும், மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிறைந்த குழாயின் வழியே சாக்கடை நீரை மெல்ல வடியவிட்டனர். முதல் 20 நாட்களுக்கு நீரிலிருந்த அமோனியா மாறவில்லை. பின்னர் அது படிப்படியாக மறைந்து, தீங்கு மிகக் குறைந்த நைட்ரேட் தோன்றியது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியபோது அச்செயல் நின்றுவிட்டது. ஆகவே, மணலில் குடியேறிய நுண்ணுயிர்களே அம்மாற்றத்தைச் செய்தன என்று அவர்கள் முடிவு செய்தனர்.

இச்செய்தியை அறிந்து, இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண்மை ஆய்வு நிலையத்தில் அவ்வாராய்ச்சியைத் தொடர்ந்தவர் பெயர் ராபர்ட் வாரிங்டன். பெயரைக் கேட்டவுடன் நீங்கள் ஐயுறலாம். பொன்மீன் கலத்தை அமைத்த வாரிங்டன் 1867-ஆம் ஆண்டிலேயே காலமானார். இவர் அவருடைய மகன். தந்தையின் ஆய்வுக்கூடத்தில் ரசாயனம் கற்றவர். அந்தக் கலம் அமைந்தபோது பதினொரு வயதுச் சிறுவர். அமோனியா நைட்ரேட்டாக மாறுவது இரண்டு படிகளில் நிகழ்கின்றது என்பதை இவர் கண்டார். ஒருவகை நுண்ணுயிர் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றது. மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றது. வழக்கமான முறைகளில் வளர மறுத்தமையால் அவற்றைத் தனியே பிரித்தெடுக்க இவரால் இயலவில்லை. உயிர்ப்பொருள் கலவாத ஊடகத்தில் வளர்த்து அவற்றைப் பிரித்தெடுத்த பெருமை, 1890-ஆம் ஆண்டில் ரஷிய அறிஞர் வினோகிராட்ஸ்கிக்குக் கிட்டியது.

மகன் ஆராய்ந்தது வயல் மண்ணின் வளத்தை. மீன் தொட்டியை அன்று. ஆயினும் தந்தையின் கலத்தில் நிகழ்ந்ததற்கு முழு விளக்கம் மகனுடைய ஆராய்ச்சியில் அடங்கியிருந்தது. செடியும் நத்தையும் மீனும் கண்ணுக்குத் தெரிந்த தொழிலாளிகள். கலத்தின் அடியில் தந்தை இட்ட மணலிலும் சேற்றிலும் கோடிக்கணக்கான நான்காம் தொழிலாளிகள் கண்ணுக்குத் தெரியாமல் உழைத்திருக்கின்றனர். அவர்களை அறியாமலேயே அவர் அவர்களுக்கு வீடு அமைத்துக் கொடுத்திருந்தார்!

இவ்வரலாற்றிலிருந்தே, இன்று அடிநீர் மீன்களுக்கான குளிர்நீர்த் தொட்டியை அமைக்கும் விதிகளை வகுத்துக்கொள்ளலாம். தொட்டியின் உயரத்தைவிடத் தரைப்பரப்பே முக்கியம். 90 சென்டிமீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் அகலமும் 35 சென்டிமீட்டர் உயரமும் உள்ள தொட்டி ஏறத்தாழ 140 லிட்டர் நீர் கொள்ளும். அந்த நீரின் எடை மட்டுமே 140 கிலோகிராம் ஆதலால், தாங்கும் மேசை உறுதியாக இருத்தல் வேண்டும். அடியில் இடும் மணல் கழுவப்பட்டதாகவும் முனை மழுங்கியதாகவும் இருக்கட்டும். கூரிய சரளைக்கல் மீனின் மீசையிழைகளைப் புண்படுத்தும். ஒளிந்துகொள்ளக் கற்குகைகள் வேண்டும். அக்கற்களை மணலின் மேல் வைக்காமல், தொட்டியின் அடியில் நன்கு பதியவைத்த பிறகே மணலைப் பரப்ப வேண்டும். இல்லையேல் மீன் மணலைத் தோண்டும்போது கல் சரிந்து அதனை நசுக்கிவிடும். அயிரை இனங்கள் துள்ளும் இயல்புடையவை. ஆதலால் காற்றுப் புகும் மூடியும் தேவை.

தொட்டியை வெயில் படாத இடத்தில் வைத்து, நீரை வடிகட்டியின் வழியே ஓயாது சுழலவிடுங்கள். இது லாய்டு தந்த பாடம். குழாய் நீரில் குளோரின் இருந்தால் அதனை நீக்கிய பின்னரே பயன்படுத்துங்கள். எல்லாம் அமைந்த அன்றே மீன்களை விட்டுவிடுதல் ஆகாது. பாரிசுக் குழாயில் 20 நாட்கள் காத்திருந்த அறிஞர்களை நினைவில் கொள்ளுங்கள். மணலிலும் வடிகட்டியிலும் நுண்ணுயிர்கள் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். அவற்றுக்கு இரையாகச் சிறிதளவு அமோனியாவோ, சிட்டிகை மீன் உணவோ இட்டு, அமோனியாவும் நைட்ரைட்டும் நீரில் அற்றுப்போயின என்று சோதித்து அறிந்த பின்னரே மீன்களை, அதுவும் சிலவாக, விட வேண்டும். அதன்பின் வாரந்தோறும் நீரில் நான்கில் ஒரு பங்கை மாற்றி வந்தால், சேரும் நைட்ரேட்டும் குறையும்.

வெப்பநிலையைப் பொறுத்தவரையில், ஐரோப்பிய ஓடை மீன்களுக்கு 20 டிகிரிக்கு மேற்படாத நீர் வேண்டும். நம் சமவெளி ஊர்களில் குளிர்விக்கும் எந்திரமின்றி அது இயலாது. எந்திரம் வாங்க இயலாதவர்கள் அவற்றை நாடாதிருப்பதே அறம். நம் நாட்டு வெப்பத்திற்குப் பழகிய அயிரைகள் ஐந்தாறை, மேற்கூறிய அதே முறையில் வளர்த்துப் பாருங்கள். அவை மணலை வாயால் அள்ளி, இரையை மட்டும் எடுத்துக்கொண்டு, செவுள் வழியே மணலைச் சொரியும் காட்சி, எந்தப் பொன்மீனும் தராத இன்பத்தைத் தரும்.

இன்னும் ஒன்று கூற வேண்டும். ஐரோப்பாவின் சேற்று அயிரை பல நாடுகளில் அருகிவிட்டது. ஐரோப்பியக் கூட்டமைப்பு 1992-ஆம் ஆண்டில் இயற்றிய வாழிடப் பாதுகாப்பு ஆணையில், பாதுகாக்கத்தக்க இனமாக அது சேர்க்கப்பட்டுள்ளது. மறுபுறத்தில், அதன் கீழைநாட்டு உறவினமாகிய மற்றொரு அயிரை, வளர்ப்பு மீனாக ஆஸ்திரேலியாவுக்குச் சென்று, 1980-களில் அந்நாட்டு ஆறுகளில் பரவி, அங்குள்ள உயிர்களுக்குப் போட்டியாகிவிட்டது. ஓடையிலிருந்து அளவின்றி அள்ளுவதும் தவறு; அயல்நாட்டு மீனை வளர்த்துச் சலித்த பின் ஓடையில் விடுவதும் தவறு. காஸின் காலத்துப் பாறைக் குட்டைகள் மீண்டும் பழைய அழகைப் பெறவில்லை என்பதை மறவாதீர்கள்.

மாணவ நண்பர்களே, உங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ ஒரு தொட்டியை அமைத்தால், நீர் ஊற்றிய நாளையும் முதல் மீனை விட்ட நாளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். இடையிலுள்ள வாரங்களில் நாள்தோறும் நீரின் வெப்பநிலையையும், அமோனியா, நைட்ரைட்டு ஆகியவற்றின் அளவையும் குறித்து வாருங்கள். அமோனியா ஏறி இறங்குவதையும், நைட்ரைட்டு அதனைப் பின்தொடர்ந்து ஏறி இறங்குவதையும் அந்த எண்களில் காண்பீர்கள். ரோதம்ஸ்டெட்டில் மகன் வாரிங்டன் கண்ட உண்மையை, உங்கள் வகுப்பறை மேசையின் மீதே நீங்களும் காணலாம்.